ஆற்றுத் திருவிழாவும் மூன்றாவது தூணும்

பாலத்தின் மேல் நின்றுகொண்டு பாலத்தைப் பார்க்காதீர்கள். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, கணக்கும் என்னைவிட நீங்கள் நன்றாகவே போடுவீர்கள். ஆனால் உங்கள் பொறியியல் கல்லூரி மலருக்கு அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரி எழுதி அனுப்பினால் கிழவனுக்குத் திமிர் என்பீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியராகச் சேர்ந்தது திண்டிவனத்தில், முப்பதுகளின் தொடக்கத்தில். பிறகு விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். யுத்தம் முடிகிறவரை அங்கேதான் இருந்தேன். அந்தப் பக்கத்தில் ஆறுகளுக்குக் குறைவில்லை, தண்ணீருக்குத்தான் குறைவு. பெண்ணையாறு, மலட்டாறு, பம்பை, செஞ்சிப் பக்கமிருந்து இறங்கி வருகிற சங்கராபரணி என்று வரிசையாக இருக்கும். வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தான். மாடு படுத்திருக்கும், பிள்ளைகள் ஊற்றுத் தோண்டி விளையாடுவார்கள். ஐப்பசியில் மேற்கே ஒரு மழை பிடித்தால் அதே ஆறு கரையை மீறி வரும். இப்படிப்பட்ட ஆறுகளின் மேல் கட்டிய பாலங்கள்தான் எனக்குச் சோறு போட்டன.

ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு குணம் உண்டு. விக்கிரவாண்டிப் பக்கம் இருந்த பழைய வளைவுப் பாலத்துக்கு வெயில் ஆகாது, கோடையில் எங்காவது ஒரு விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். செஞ்சி ரோட்டுத் தரைப்பாலங்கள் வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீருக்கடியில் போய்விட்டு, ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து வரும். பெண்ணையாற்று ரயில் பாலம் எங்களுடையது அல்ல. ஆனால் வண்டி அதன் மேல் போகிற சத்தத்தை வைத்தே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று என் மனைவி சமையலறையிலிருந்து சொல்லிவிடுவாள். நான் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதையே சொல்வேன்.

நான் சொல்லப்போவது இவை எதுவும் அல்ல. பெண்ணையாற்றின் கிளை ஒன்றின் மேல் இருந்த சின்னப் பாலம் அது. செங்கல் வளைவுகள், கருங்கல் தூண்கள், இரண்டு வண்டி ஒன்றையொன்று உரசாமல் போகிற அகலம். பாலத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் சிலருக்குச் சிநேகிதர்களாக இருப்பார்கள்.

முதலில் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய அதிகாரி யாராவது காரில் வருகிறார் என்றால் எங்கள் இலாகாவில் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் தோன்றும். வழியில் உள்ள பாலங்களின் கைப்பிடிச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்துவிடுவோம். அவர் காரைவிட்டு இறங்க மாட்டார் என்று எங்களுக்குத் தெரியும். கார் போகிற வேகத்தில் வெள்ளை மட்டும்தான் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இதில் யாருக்கும் வருத்தமில்லை. யுத்தத்தின் நடுவில், நான் சொல்லப்போகிற அந்த வருஷமும் மழைக்கு முன்னால் ஒருவர் வந்தார், அடித்தோம், அவரும் போனார். அந்தச் சுண்ணாம்புதான் பிறகு எனக்கு உதவியது.

கார்த்திகையில் வெள்ளம் வந்து போனது. மார்கழியில் நான் அந்தப் பாலத்துக்குப் போனபோது மூன்றாவது தூணுக்கு நேர் மேலே, புதிய வெள்ளையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஒரு விரிசல். பழைய சுவரில் விரிசல் இருந்தால் அது எந்தக் காலத்தது என்று யாரும் சொல்ல முடியாது. புது வெள்ளையின் மேல் இருந்தால் அது வெள்ளையடித்த பிறகு வந்தது. குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடிச் சுவரின் விளிம்பைக் கடைசிவரை பார்த்தேன். அந்த இடத்தில் கோடு லேசாகத் தொய்ந்திருந்தது.

கீழே இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. தூணைச் சுற்றி மணல் சமமாக, அழகாகக் கிடந்தது. என்னோடு வந்தவர்கள் மணலைக் காட்டி, எங்கேயும் பள்ளமே இல்லையே என்றார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெள்ளம் வேகமாக ஓடும்போது தூணின் மூக்கில் மோதி அடியைத் தோண்டும். வடியும்போது தான் கொண்டுவந்த மணலைப் போட்டு, தோண்டிய பள்ளத்தைத் தானே மூடிவிட்டுப் போகும். நீங்கள் போய்ப் பார்க்கிறபோது ஆறு நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும். சமமான மணலைப் பார்த்துத் திருப்திப்பட்டவர்கள் கையில் இருந்த பாலங்கள் பல இன்று இல்லை.

எனக்குச் சந்தேகம் இருந்தது, நிச்சயம் இல்லை. லாரிகளைச் சுற்றி அனுப்பினேன். பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய யுத்த காலத்துக் கரிவாயு பஸ் வந்தால் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாக ஓட்டச் சொன்னேன். அந்த பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதைவிட ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம், அதனால் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் தை வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் பெண்ணையாற்றுக்கு வந்து தீர்த்தவாரி செய்துகொள்ளும். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பார்கள், கரும்பு கடிப்பார்கள், சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வடகரை ஊர்களிலிருந்து பெண்ணையாற்றுக்குப் போக வேண்டுமானால் முதலில் இந்தக் கிளையாற்றைத் தாண்ட வேண்டும். நடந்து போகிற தூரத்தில் அதற்கு இருந்தது இந்த ஒரு பாலம்தான். ஜனக்கூட்டம் லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் நெல்வண்டி வரிசையைவிடக் கனம்.

இந்தச் சமயத்தில்தான் வடகரை ஊரின் பெரியதனக்காரர் என்னைப் பார்க்க வந்தார். நிலபுலன் உள்ளவர், மரியாதை தெரிந்தவர், ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். பாலத்தில் ஏதோ விரிசல் என்று கேள்விப்பட்டாராம், திருவிழா நேரத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். இவ்வளவு பொறுப்பான மனிதரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"எங்க சாமி வெடியக்காலைலயே தாண்டிப் பூடும் ஓவர்சியர். அதுக்கப்பால கம்பு போட்டு மூடிடுங்க. ரிப்பேருன்னு சொல்லிடுங்க. யாரு கேக்கப் போறாங்க."

அவர் சொல்லாமல் விட்டதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதே ஊரின் சேரியில் ஒரு மாரியம்மன் இருந்தாள். மற்றச் சாமிகள் ஆற்றுக்குப் போகும், அவள் மட்டும் போனதே இல்லை. ரோட்டில் வரவிட மாட்டார்கள். திருவிழா முடிந்து எல்லோரும் வீடு திரும்பியதும் சேரிப் பெண்கள் போய்க் குடத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, கோயிலிலேயே அவளுக்கு ஊற்றுவார்கள். அதுதான் அவளுடைய தீர்த்தவாரி. அந்த வருஷம் ரோடும் பாலமும் எல்லோருக்கும் பொது என்று தாலுகாவிலிருந்து தண்டோரா போட்டிருந்தார்கள். சேரியில் வண்டி ஏற்பாடு செய்து, இந்த வருஷம் அம்மனை ஆற்றுக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்திருந்தார்கள். தண்டோராவை எதிர்த்து யாரும் வாய் திறக்க முடியாது. பாலம் ரிப்பேர் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மறுநாள் என் வீட்டு வாசலில் ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இறங்கியிருந்தது. யார் அனுப்பியது, எதற்கு என்று என் மனைவி கேட்டாள். சொன்னேன். வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டாள். மல்லாட்டை போயிற்று, பிரச்சினை போகவில்லை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெரியதனக்காரர் பொய்க் காரணம் என்று நினைத்துக்கொண்டு சொன்னது எனக்கு மெய்யான காரணமாக இருந்தது. மூடினால் மல்லாட்டை வாங்கிக்கொண்டு மூடினான் என்பார்கள், அம்மனும் இன்னொரு வருஷம் குடத்துத் தண்ணீரில்தான் குளிப்பாள். மூடாமல் விட்டுத் தூண் உள்ளே இறங்கிவிட்டால் ஆற்றில் கிடப்பது யார் பிள்ளை என்று யாருக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம்தான் அதிகமாக வந்தது. என் விரிசலை அந்த மனிதர் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ரயிலேறித் திண்டிவனம் போய் என் மேலதிகாரியைப் பார்த்தேன். அவர் பெயரும் வேண்டாம். மூக்குப்பொடி போடுவார், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பெரியதனக்காரர் தன்னையும் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். பாலத்தை மூடி யாருக்கும் வேலை போனதில்லை, திறந்து வைத்துத்தான் போயிருக்கிறது என்றார். அப்படியானால் மூடட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"காரணத்தைக் கேக்கறவன் கையில எடுத்துக் குடுக்க முடிஞ்சா மூடு. முடியலைன்னா திற. ரெண்டுல எது செஞ்சாலும் நான் கையெழுத்துப் போடறேன்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு உத்தரவு கொடுத்தால் நிம்மதியாகத் திரும்பலாம் என்று போனவனுக்கு இது என்ன பதில். ஆனால் வண்டி விழுப்புரம் சேருவதற்குள் அவர் சொன்னதுதான் சரி என்று பட்டது. விரிசலும் தொய்வும் எனக்குக் காரணம். கேட்பவனுக்கு அது சுவரில் ஒரு கோடு. மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால்தான் அது எல்லோருக்கும் காரணமாகும்.

நான் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் கன்னியப்பன், எங்களுக்கு மண்வேலைக்கு ஆள் கொண்டுவருகிற மேஸ்திரி. இன்னொருத்தி அவன் அக்காள் பச்சையம்மாள், அதே கூட்டத்தில் கூடை தூக்குகிறவள். இருவரும் அந்தச் சேரிதான். அவள் மகளுக்கு அம்மை போட்டுப் பிழைத்திருந்தது. மாரியம்மனை ஆற்றுக்கே கொண்டுவந்து குளிப்பாட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான். வண்டி ஏற்பாட்டுக்கு எல்லோரையும் கிளப்பிவிட்டதும் அவள்தான். கன்னியப்பன் பேசத் தயங்கினான். அவள் தயங்கவில்லை. பாலத்தை மூடப் போகிறீர்களாமே என்று நேராகக் கேட்டாள்.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். விரிசலைக் காட்டினேன். அதை அவள் பார்த்த பார்வையிலேயே நம்பவில்லை என்று தெரிந்தது. தூணுக்கு அடியில் தோண்டிப் பார்க்க வேண்டும், நாளைக்கே ஆள் வேண்டும் என்று கன்னியப்பனிடம் சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"எங்கள வெச்சே தோண்டி எங்களுக்கே மூடுவீங்களா ஐயா?" என்றாள்.

 வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அவள் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினாள்.

"வாணாம். நாங்களே தோண்டறோம். உள்ள என்னா கெடக்குதோ, அத நாங்க பாக்கணும். வேற எவனோ பாத்துட்டு வந்து சொல்றத நாங்க கேக்கறாப்பல இல்ல."

தூணின் அடியில் தோண்டுவது விளையாட்டல்ல. சந்தேகம் உள்ள தூண் என்றால் இன்னும் மோசம். அன்று பாலத்தின் மேல் ஒரு மாடுகூட நடக்காமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தினேன். மேல்திசைப் பக்கம், தண்ணீர் மோதுகிற மூக்கில் மட்டும், ஒரு ஆள் இறங்குகிற அகலத்துக்குக் குழி எடுத்தோம். மணலைக் கிளறக் கிளறத் தண்ணீர் ஊறியது. மணல் மூட்டைகளைச் சுற்றி அடுக்கி, இறைகூடையால் இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். பச்சையம்மாள் கூடை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

வந்த மணலைக் கூடை கூடையாகக் கிளறிப் பார்த்தேன். பழைய ஆற்றுப் படுகையாக இருந்தால் களி வரும், வேர் வரும், கூழாங்கல் வரும். தூணைக் காக்க அந்தக் காலத்தில் போட்ட பெருங்கற்கள் ஆளைத் தோண்டவிடாமல் தடுக்கும். எங்கள் கூடையில் வந்ததெல்லாம் சலித்ததுபோல் சுத்தமான புது மணல். கல் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. தூணின் அடிவரிசைக் கல் தெரிந்தது. அதற்கும் கீழே கெட்டிக் களிமண் இருக்க வேண்டும், அதன் மேல்தான் தூணை உட்கார வைத்திருந்தார்கள். கன்னியப்பன் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று.

"கை போய்க்கினே இருக்குது ஐயா" என்றான். 

நான் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கிச் சேற்றில் படுத்துக் கையை விட்டேன். கல்லுக்கு அடியில் கூழ்போலக் குழைந்த மணல்தான் இருந்தது. தடுக்கிற பொருள் ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய தூண் முன்பாதிக்கு அடியில் ஆதாரமே இல்லாமல், பின்பாதியின் தயவில் நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே நாங்கள் படுத்துக்கொண்டிருந்தோம்.  எல்லோரும் மேலே ஏறுங்கள் என்றேன்.

பச்சையம்மாள் ஏறவில்லை. நானும் பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன், கன்னியப்பனும் சொன்னான். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிப் படுத்து, கையை விட்டாள். முகம் கல்லில் ஒட்டியிருந்தது. எழுந்து வந்து கையைக் கழுவிக்கொண்டாள். அந்தப் பாலம் அவளைவிட அதிகமாகத் தேவைப்பட்டவர் யாரும் இல்லை. அவள்தான் முதலில் சொன்னாள்.

"மூடிடுங்க ஐயா."

சரி என்றேன்.

"எல்லாருக்கும் மூடுவீங்களா?"

"எல்லாருக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நீங்கள் கேட்கலாம், மூடினால் அவர்கள் அம்மன் எப்படிப் போவாள் என்று. பொது ரோட்டில் பாலத்தை மூடினால் மாற்றுவழி போட்டுத் தர வேண்டியது இலாகாவின் கடமை. அப்படிப் போடுகிற வழியும் பாலத்தைப் போலவே பொது வழி. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்ச தூரம் தள்ளி ஆற்றுக்குக் குறுக்கே தடம் போட்டோம். தையிலும் ஒரு பக்கமாக முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் கீழே கால் புதைகிற மணல். சவுக்குக் கட்டைகளை நெருக்கிப் போட்டு, மேலே பனையோலையும் வைக்கோலும் பரப்பி, செம்மண் கொட்டினோம். ஒரு வண்டி போகிற அகலத்துக்குமேல் போட நேரமில்லை. பொங்கலும் இடையில் வந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பச்சையம்மாள் ஆற்று மணலிலேயே அடுப்பு வைத்துப் பொங்கலிட்டாள். எனக்கும் ஒரு வாழையிலையில் கொடுத்தாள், சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் அதுவும் ஊரில் நாலு பேர் பேசுகிற விஷயமாயிற்று.

தூணுக்குப் பக்கத்தில் எடுத்த குழியை நான் மூடவிடவில்லை. ஆள் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். கேட்கிறவன் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டிய காரணம் அதற்குள்தான் இருந்தது.

திருவிழா அன்று விடியற்காலை பாலத்துக்குக் குறுக்கே சவுக்குக் கம்பைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். மேளச் சத்தத்தோடு ஊர்ச் சாமி வந்தது. நல்ல அலங்காரம், பல்லக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள், முன்னால் பட்டு வேட்டியில் பெரியதனக்காரர். கம்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கீழே நாங்கள் போட்ட தடம் ரிப்பேருக்குக் கல் கொண்டுவர என்று நினைத்திருப்பார் போல. சொன்னபடி மூடிவிட்டதற்கு நன்றி சொன்னார். நம்ம சாமி தாண்டுகிறவரைக்கும் கம்பை எடுங்கள் என்றார்.

முடியாது என்று சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அப்புறம் குரல் மாறியது.

"ரிப்பேருன்னு நான்தான சொல்லச் சொன்னேன். என்கிட்டயே ரிப்பேருன்றீங்களே."

"நீங்க பொய்யின்னு நெனச்சிக்கினு சொன்னீங்க. அது நெசமாப் பூடுச்சுங்க. கீழ குழி இருக்குது. வந்து கைய விட்டுப் பாருங்க. பொய்யா இருந்தா நானே கம்ப எடுத்துடறேன்."

அவர் குழியை எட்டிப் பார்த்தார். சேறு. பட்டு வேட்டியைப் பார்த்துக்கொண்டார். இறங்கவில்லை. ஆனால் பல்லக்குத் தூக்குகிறவர்களில் இரண்டு பேர் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். பாலத்தின் மேல் நடக்கப் போவது அவர்கள்தானே. கையை விட்டுப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே வந்து பல்லக்கைத் தோளில் வாங்கி, கம்புக்கு முதுகைக் காட்டி, மாற்றுவழியைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

மாற்றுவழியின் வாயில் ஏற்கெனவே ஒரு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. வேப்பிலையும் மஞ்சள் துணியுமாக மாரியம்மன். மாட்டைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன், பக்கத்தில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பச்சையம்மாள். கடைசிக் கூடை செம்மண்ணைக் கொட்டிவிட்டு அப்படியே கிளம்பியிருந்தார்கள். பெரியதனக்காரர் என்னைப் பார்த்தார். அந்த வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

"பாரத்தோட மணல்ல எறங்கின வண்டிய பின்னால தள்ள முடியாதுங்க. மாடு கால ஒடிச்சிக்கும்" என்றேன். அது உண்மை, வேண்டுமானால் நீங்களும் முயன்று பாருங்கள்.

தீர்த்தவாரிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.  சண்டை வரும் என்று நான் பயந்தேன், உள்ளபடியே பயந்தேன். தாலுகா சேவகன் ஒருவன்தான் என்னோடு இருந்தான், அவனும் கரும்பு வாங்கப் போய்விட்டிருந்தான். கடைசியில் பல்லக்குத் தூக்கின ஆட்களே தடத்தில் காலை வைத்தார்கள். முன்னால் வண்டி, பின்னால் பல்லக்கு. ஒரே தடத்தில் இரண்டு சாமியும் ஆற்றைத் தாண்டிப் போயின. பெரியதனக்காரர் வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்.

அதற்குப் பிறகு என் பேரில் மனு போயிற்று. பாலத்தில் பழுதே இல்லையாம், கூலிகளோடு சேர்ந்துகொண்டு ஓவர்சியர் ஊரை அவமானப்படுத்திவிட்டாராம். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அவரை நேரே குழிக்கு அழைத்துப் போனேன். அவர் கைத்தடியைக் கல்லுக்கு அடியில் விட்டார். அது பிடிவரை போனதும், எப்போது அடியைக் கட்டப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். கோடையில் கட்டினோம். கொஞ்சம் கொஞ்சமாக மணலை எடுத்து, கல்லும் காரையும் திணித்து, களிமண் வரைக்கும் இறக்கினோம். வேலை செய்தது கன்னியப்பன் கூட்டம்தான். பச்சையம்மாள் காரை சுமந்தாள். அந்தத் தூண் இன்னும் நிற்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்று நான் வரிசை போட்டுச் சொல்ல மாட்டேன். உங்கள் மேலும் அழுத்தம் வரும். சில சமயம் பொய்யான ஆள் மெய்யான காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பான். அவன் கொடுத்தான் என்பதற்காக அதைத் தூக்கிப் போடாதீர்கள். அவன் சொல்கிற அளவோடு நிறுத்தவும் செய்யாதீர்கள். யாருக்கு நஷ்டமோ அவர்களை அழைத்துக் காட்டுங்கள்.

அடுத்த தையில் பாலம் திறந்திருந்தது. நான் போய் நின்றேன். ஊர்ச் சாமி தாண்டியது, கொஞ்சம் இடைவெளி விட்டு மாரியம்மன் வண்டி வந்தது. யாரும் தடுக்கவில்லை. பெரியதனக்காரர் அப்போது குதிரை வண்டி வைத்திருந்தார். அது மூன்றாவது தூணுக்கு முன்னால் நின்றது. இறங்கினார். வண்டி காலியாகத் தாண்டுகிறவரை காத்திருந்து, சுவரோரமாக வேகவேகமாக நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டார். பழுதே இல்லை என்று மனுப் போட்ட அதே மனிதர். கால் மரத்துவிட்டது, அதனால் நடக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். பிறகு நான் மாற்றலாகிப் போகிறவரை அந்தப் பாலத்தில் ஒரு முறைகூட அவர் வண்டியில் உட்கார்ந்தபடி தாண்டியதை நான் பார்க்கவில்லை.

பின்னால் வந்த வண்டியில் பச்சையம்மாள் அம்மனுக்குப் பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி மூன்றாவது தூணின் மேல் நிற்காமல் போயிற்று. அவர் இறங்கி நடப்பதை அவளும் பார்த்தாள். என்னைத் தாண்டும்போது சொன்னாள்:

"பாவம் ஐயா அவரு. அன்னிக்கே கைய விட்டுப் பாத்திருந்தா இப்ப பயமில்லாம போய்க்கினு இருப்பாரு."